பதினேழாம் போர்ட்

வால்டிவியாவில் மே மாதம் வாயைத் திறக்கும் மழை
செப்டம்பர் வரை மூடாது.
இரவு இரண்டே கால்.
திரையில் ஒரு கோடு படுத்திருந்த இடத்திலிருந்து
சட்டென்று எழுந்து நின்றது.
எங்கள் வளாகத்துக்குள்ளிருந்து யாரோ
உலகத்துக் கதவுகளையெல்லாம் தட்டுகிறார்கள்,
நொடிக்கு நாலாயிரம்.

தட்டுகிறவன் வெளியேதான் நிற்பான் என்று நம்பி
ஃபயர்வாலை வாசலில் நிறுத்தியிருந்தோம்.
அதற்கு முதுகில் கண்ணில்லை.

மூன்றாம் கட்டிடம், கீழ்த்தளம்,
சுவிட்சில் பதினேழாம் போர்ட்.
பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே
'யாருடையது? விசாரிக்கணும்'.
என் கையெழுத்து. ஆறு வருடம் பழசு.

இரவுக் காவலர் எலியுதேரியோ சாவிக்கொத்தோடு வந்தார்.
"திருடனா?"
"தெரியலை."
அவர் தடியை எடுத்துக்கொண்டார்,
நான் மடிக்கணினியை.
நீலக் கேபிளைத் தடவித் தடவிப் போனோம்,
மீன் தொட்டிகளைத் தாண்டி,
ஃபார்மலின் நாற்றத்தைத் தாண்டி,
உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால்
செருப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரைக்கும்.
மேலே மார்க்கரில்:
'காயே-காயே நதி. நீரின் வெப்பம்.
தயவுசெய்து அணைக்காதீர்கள்.
எடெல்மிரா ஹெட்டிக்.'

எடெல்மிரா ஓய்வு பெற்று ஒசோர்னோ போய்விட்டார்.
பெட்டிக்கு யாரும் ஓய்வு தரவில்லை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பதினோரு வருடமாய்
நதியின் நாடி பிடித்து எண் சொல்கிறது.
8.4. 8.4. 8.3.
வாங்கி வைத்துக்கொள்ள ஒரு சர்வர் இன்னமும் இருக்கிறது.
திறந்து பார்த்தவர் யாருமில்லை.

கடவுச்சொல், தொழிற்சாலையில் வைத்தது வைத்தபடி.
எந்த ஊர்க்காரனோ அதைச் சொல்லி உள்ளே வந்து
எத்தனை நாள் படுத்துக் கிடந்தானோ,
இன்றைக்கு விழித்திருக்கிறான்.
நதிக்கும் அவனுக்கும் ஒரே வாய்.

பிடுங்கு என்கிறது விதிமுறை, பக்கம் நான்கு.
நான் எழுதிய பக்கம்தான்.
கேபிளில் விரல் வைத்தபோது
இன்னொரு எண் கடந்து போனது.
8.3.
எலியுதேரியோ எட்டிப் பார்த்துவிட்டு
தடியைச் சுவரில் சாய்த்தார்:
"இந்தக் குளிரிலா அந்தக் கடல்சிங்கங்கள்
படகுத்துறையில் தூங்குகின்றன?"

பிடுங்கினேன்.
உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தேன்,
புது மென்பொருள் ஏற்றினேன்,
இருபத்திரண்டு எழுத்தில் கடவுச்சொல் வைத்தேன்.
தனித் தடம் ஒன்று போட்டு
மறுபடி மாட்டினேன்:
ஒரே ஒரு சர்வரின் காதில் மட்டும் பேசலாம்.
மற்ற கதவுகள் இருப்பதே இனி அதற்குத் தெரியாது.

வரைபடத்தில் ஒரு பொத்தல்.
இரண்டு ஐம்பதிலிருந்து நான்கு இருபது வரை
நதி ஓடவில்லை.

ஒசோர்னோவுக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன்.
'உங்கள் பெட்டி' என்று தொடங்கி அழித்தேன்.
'உங்கள் நதி' என்று தொடங்கி
அதையும் அழித்தேன்.
பதிவேட்டில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு
பெயரை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது,
கீழே பதினெட்டாம் போர்ட்,
அதே மை, அதே கை:
'யாருடையது?'