இருப்பு: இருபத்திரண்டு

கொக்குவில் ரியூட்டரியின் இரண்டு மண்டபத்திலும்
புது எல்ஈடி பூட்டி முடிந்த மாலை
டிலக்சன் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டான்:
“அக்கா, இதுகளை என்ன செய்யிறது?”

இருபத்திமூன்று ரியூப் லைற்.
நுனி கறுத்திருந்தது,
சோதனைக்கு முதல்நாள் பிள்ளைகளின் கண்ணடி போல.
சிலது முழுதாய்ச் சாகவில்லை.
பௌதிகவியல் வகுப்பில் இரண்டு கிழமையாய்த்
துடித்துத் துடித்துத் தலையிடி கொடுத்தவை.

கணக்குக் கொப்பி என்னிடம்.
வருகிற சாமானுக்கு அதில் பக்கம் உண்டு.
போக இடமில்லாத சாமானுக்கு
ஒருவரும் கோடடித்துத் தரவில்லை.

பழைய இரும்புக்காரன் வந்தான்.
பட்டியை எடுத்தான், சோக்கை எடுத்தான்,
செம்புக் கம்பியைச் சுரண்டிப் பார்த்தான்.
கண்ணாடிக்குக் கையை விரித்தான்.
குப்பை ஏற்றும் சபைக்காரர் சொன்னார்:
“உடைச்சுத் தந்தால் எடுக்கலாம், முழுசாய் ஏலாது.”
ஞானகணேசன் சேர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே
பக்கத்து வளவைக் காட்டினார்.
சொந்தக்காரர் ஸ்காபரோவில். கிணறு மட்டும் இங்கே.
“அதுக்குள்ள போடுங்கோ, ஆர் கேக்கப்போகினம்?”

ஆர் கேட்பது.
எங்களுக்கு ஆறில்லை, சேர்.
ஊர் முழுக்கக் குடிப்பது ஒரே கல்லின் வியர்வையை.
சுண்ணாம்புக்கல்லில் பொத்தல், பொத்தலுக்குள் பொத்தல்,
அந்தக் கிணற்றில் வாளி விழுந்தால்
எங்கள் கிணற்றில் தண்ணீர் நெளியும்.
ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஊசிமுனையளவு பாதரசம்.
சித்தர்கள் ஆயுள் முழுக்கக் கட்டப் பார்த்த ரசம்.
கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடிக்குள்
அது கட்டுண்டுதான் கிடந்தது.
அவிழ்க்காமல் விட்டாலே போதும்.

அவிழ்த்தது நான்தான்.
சுவரில் சாய்த்தேன், சறுக்கியது.
‘பொக்’ என்று ஒரு சத்தம்,
வெள்ளைத் தூள் மெல்ல எழும்பியது.
விளக்குமாறைத் தேடினேன்.

“தொடாதேங்கோ.”
மண்டபம் கூட்டுகிற கலைவதனி.
அவள் சத்தமாய்ப் பேசி அதுவரை கேட்டதில்லை.
“விளக்கு மாறுற நாளில விளக்குமாறு வேண்டாம்.
கூட்டினால் பறக்கும்.”
காற்றாடியை நிற்பாட்டினாள், யன்னல் எட்டையும் திறந்தாள்,
என்னையும் டிலக்சனையும் வெளியே வேம்படியில்
கால்மணி நேரம் நிற்க வைத்தாள்.

ஆறு வருசம் முகமாலையில் கண்ணிவெடி கிளறினவள்.
நாளுக்கு ஒரு பாயளவு நிலம்.
இதை அவள் சொல்லவில்லை.
ஊன்றிய முழங்கால் ஊன்றிய இடத்திலேயே இருக்க
கை மட்டும் நகர்ந்த விதம் சொன்னது.
மட்டையால் பெரிய துண்டு.
ஒட்டுநாடாவால் சின்னது.
ஈரக் கடதாசியால் தூள்.
கையுறையும் கடைசியில் உள்ளே போக,
நெஸ்டமோல்ட் போத்தலின் மூடியை இறுக்கினாள்.

பிறகு மிச்சம்.
புதுசு வந்த பெட்டிகளுக்குள்ளேயே பழசை இறக்கினாள்,
நடுவில் நடுவில் போன வருச மாதிரி வினாத்தாள்.
‘ஒளிமுறிவு, பகுதி இரண்டு’ சுற்றிய குழல்
முறியாமல் இறங்கியது.
“இதுவும் ஒருவகையில...” என்று தொடங்கி நிறுத்தினாள்.
நான் கேட்கவில்லை.
பெட்டிகளின் மேல் சிவப்புப் பேனையால் முக்கோணம் கீறினாள்.

கஸ்தூரியார் வீதிக் கடைக்குப் போன் எடுத்தேன்.
கொழும்பு லொறி வருமாம், பழசைத் திருப்பி ஏற்றுமாம்.
எப்ப என்று தெரியாதாம்.
மூன்றாந்தரம் எடுத்தபோது
“ரியூட்டரி அக்காவோ?” என்றார்கள்.

பெட்டிகள் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன.
கீழே புது வெளிச்சம், துடிக்காது,
பிள்ளைகளுக்கு இனித் தலையிடி வர வேறு காரணம் வேண்டும்.
கொப்பியில் நானே கோடு அடித்தேன்.
உடைவு: ஒன்று, போத்தலில்.
கிணற்றுக்கு: இல்லை.
இருப்பு: இருபத்திரண்டு.

இரண்டு கையொப்பம் வேண்டும் என்றேன்.
கலைவதனி சட்டையில் கை துடைத்தாள்.
பேனையை நிமிர்த்திப் பிடிக்கவில்லை.
மண்ணுக்குள் கம்பி விடுகிறவள் போலச்
சாய்த்துப் பிடித்து,
அழுத்தாமல் எழுதினாள்.