காப்பு

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
ஆயிரத்து எண்ணூறு கேட்டான்.
ஆயிரத்து இருநூறுக்கு இறங்கி வந்தது.
செம்பு முறுக்கு, இரு முனையிலும்
மிளகளவு காந்தம்.
"ஓடுற ஆளுக்கு நல்லம் நோனா,
நோவு எல்லாம் இழுத்து எடுக்கும்"
என்றான் பாதித் தமிழில்,
மீதியைத் தன் காலைத் தட்டிக் காட்டி.

கெண்டைக்கால் என்று பேர் வைத்தவன்
முதல்நாள் மூச்சிரைக்க ஓடிவிட்டு
மறுநாள் படியிறங்கியிருக்க வேண்டும்.
தோலுக்குள் மீன் புரள்வதை
வேறெப்படிச் சொல்வது?

நானும் ரிஸ்மியாவும்
விடிய ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கம்.
டொக்டர் வட்டம் போட்டுக் காட்டிய
சீனி அளவுக்காக ஓடுகிறோம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போவார்கள்.
ஒருநாள் ஒரு நொண்டி நாயும் போனது.

எனக்கு நாரஹேன்பிட்டையில் ஆய்வுகூட வேலை.
இரத்தக் குழாய்களுக்கு இலக்கம் ஒட்டுகிறவள்
எதையும் சும்மா நம்பமாட்டாள்.
ஒரு கிழமை காப்போடு,
மறு கிழமை வெறுங்கையோடு.
ஞாயிறு நீள ஓட்டம் முடிந்து
நாலு காலைகள், பல் துலக்க முன்,
பத்துக்கு எத்தனை நோவு என்று
பால்காரன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்.

காப்பு: நாலு, ஆறு, ஐந்து, இரண்டு.
வெறுங்கை: ஐந்து, ஆறு, நாலு, இரண்டு.

கூட்டிப் பாருங்கள்.
மிஞ்சியது மணிக்கட்டில் ஒரு பச்சை வளையம்,
சவர்க்காரத்துக்கும் அசையாமல்.

ஆனால் மேசையில் கிடந்த ஊசிகளை இழுத்தது,
ஊக்குகளை, பேனா மூடியை இழுத்தது.
இழுக்கும் என்று அவன் சொன்னது பொய்யில்லை.
எதை என்பதில்தான்.

காப்பு என்றால் வளையல்.
காவல். கைவிலங்கு.
நூலின் வாசலில் வைக்கிற முதல் பாட்டு.
எந்தக் காப்பை விற்கிறாய் என்று
நான்தான் கேட்கவில்லை.

பிறகு செய்ததைச் சொல்ல வெட்கம்.
நகவெட்டி முனையால் காந்தங்களைக் கெல்லி எடுத்தேன்.
குழிகளை நகப்பூச்சால் நிரப்பினேன்.
வெறும் செம்பு. செம்பு என்பதும்
அவன் சொன்னதுதான்.
ரிஸ்மியாவின் கையில் மாட்டி
"கொஞ்ச நாள் போட்டுப் பாரேன்" என்றேன்.

தெமட்டகொடையில் நாலாம் மாடி அவள்.
லிப்ட் பழுதாகி எட்டு மாதம்.
இடுப்புக்குக் கீழே வாடகைக்கு எடுத்தது போலிருக்கு என்பாள்.
காலையும் மாலையும் வாட்சப்பில் கேட்டேன்:
நோகுதா? எங்கே? எவ்வளவு?

ஏழு என்றாள். ஆறரை.
அடுத்த கிழமை நாலு.
மூன்றாம் கிழமை,
"ரெண்டு. மறந்தே பெய்த்து புள்ள."

ஓடப் பழகிய சதை தானே அடங்கும்,
அது புத்தகத்திலேயே இருக்கிறது.
அதோடு நான் ஒரு பிழை விட்டிருந்தேன்:
என்னை ஒருவரும் கேட்காமல்தான்
நான் பதினேழு எடுத்தது.
டோஹாவிலிருந்து இரவில் வரும் அழைப்பு
வாடகை, பிள்ளையின் டியூஷன் காசு,
சரி வைக்கிறேன்.
இதை எந்த நிரலில் எழுதுவது?

சொல்லிவிடத்தான் போனேன், ஒரு வெள்ளிக்கிழமை.
அவள் கை வெறுமையாக இருந்தது.
"கொலகந்த விற்கிற சுமனாவதி அக்காக்கு
முழங்கை தூக்க ஏலாதாம்.
குடுத்திட்டேன். கோபமா?"

வாகை மரத்தடியில் பானை ஆவி விட்டது.
அகப்பை ஏறி இறங்க
சிவப்பு நகப்பூச்சு இரண்டு புள்ளியாய் மின்னியது.
"கொஹொமத அத?" என்று ரிஸ்மியா கேட்டாள்.
கை எப்படி என்று.
அக்கா ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.
நான் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் சில்லறைக்குக் கைவிட்டேன்.
மிளகுக் காந்தம் இரண்டும்
பத்து ரூபாய்க் குத்தி ஒன்றைக் கவ்விக் கிடந்தன.
அப்படியே நீட்டினேன்.
கண்டக்டர் பிய்த்து எடுத்தான்,
என் முகத்தை ஒருமுறை பார்த்தான்,
காந்தத்தைத் திருப்பித் தந்தான்.

வெள்ளவத்தைச் சந்தியில் இறங்கும்போது
இடது கெண்டைக்கால் நாலு.
இல்லை. ஐந்து.