பாதி கேட்டது

என் இரண்டாவது நாவலில் ஒரு செய்மதி
கல்லடிப் பாலத்துக்கு நேர் மேலே
விடியும்வரை நின்றது.
புத்தகம் வெளிவந்து ஒன்பதாம் நாள்
தாண்டவன்வெளியிலிருந்து ஒரு தபாலட்டை:
“தங்கச்சி, அந்த உயரத்தில் எதுவும் நிற்காது.
கூடிப்போனால் இருபது நிமிஷம்.
வந்தால் காட்டுகிறேன். ரெஜினோல்ட் ஒக்கர்ஸ்.”

கோபத்தோடுதான் போனேன்.

மாடியில் மூன்று பேர்.
ஒக்கர்ஸ், சண்டைக் காலத்தில்
ரேடியோவைத் துண்டு துண்டாய்க் கழற்றி
அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு,
கை மறக்காமலிருக்க
சோற்றுக் கோப்பையில் கரண்டியால் மோர்ஸ் தட்டியவர்.
காத்தான்குடி முபீஸ்,
தன் கடை அளவுநாடாவை வெட்டிக்
குழாயில் பூட்டி
அன்டெனா என்று என் கையில் தந்தவர்.
அங்குலம் இன்னும் தெரிந்தது அதில்.
ஆரையம்பதிக் குணநிதி, வங்கியில் வேலை.
பேசமாட்டாள், எல்லாவற்றையும் எழுதுவாள்.

“இது செத்த செய்மதி” என்றார் ஒக்கர்ஸ்.
பற்றரி பழுதாகி, யாரும் தேடாமல்
வருஷக்கணக்காய்ச் சுற்றியதாம்.
பிறகொருநாள் அந்தப் பழுதே பழுதாகி
வெயில் படும்போது மட்டும் விழிக்கிறதாம்.
நிழலுக்குள் போனால் மறுபடி சாவு.

இதை நான் எழுதியிருந்தால்
நம்பும்படி இல்லையென்று
பதிப்பாசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன்.
கையெழுத்துப் படிகள் அவர்களிடம் போய்
எண்ணெய்க் கறையோடு திரும்பி வருகின்றன.
“நிலாவில் இவள் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?”
“கப்பலில் தேத்தண்ணி எப்படி ஆற்றுகிறார்கள்?”
ஒரு கிரகத்தையே தூக்கினேன் முபீஸால்.

போன மாதம் ஒக்கர்ஸ் கேட்டார்:
“ஒரு சொல் தாங்க, அனுப்பிப் பார்ப்பம்.
இங்கிலீஷ் எழுத்தில்தான் போகும்.
ழகரம் வேண்டாம், ஏறாது.”

நானூறு பக்கத்துக்கு
அண்டங்களை அள்ளி இறைத்தவள்
ஒரு சொல்லுக்கு வியர்த்து நின்றேன்.
கீழே நீர் வற்றிய சேற்று மணம்.
“வாவி” என்றேன்.

திருக்கோவில் பக்கம் எழுந்தது.
வரும்போது கீச்சுக்குரல்,
தலையைத் தாண்டியதும் தொண்டை கம்மியது.
அளவுநாடாவை நான் திருப்பத் திருப்ப
அவர் தட்டினார்.
மூன்று புள்ளி ஒரு கோடு.
புள்ளி கோடு.
மூன்று புள்ளி ஒரு கோடு.
இரண்டு புள்ளி.

தட்டியது நான்கு எழுத்து.
காதுக்குத் திரும்பியது இரண்டு.
அதற்குள் நிழல்.

வா.

முபீஸ் என்னைப் பார்த்தார்.
ஒக்கர்ஸ் கையை எடுக்கவில்லை.
வாவிக்கு அப்பால் எங்கோ
ஒரு தோணியின் இயந்திரம் இருமி நின்றது.
இனி இரண்டு மணித்தியாலம் என்றார்,
எங்கள் ஒருவருக்குமல்லாமல்.

குணநிதி திகதியிட்டாள், நேரமிட்டாள்,
கடைசி நிரலில் எழுதினாள்:
பாதி கேட்டது.

நான் அன்டெனாவை இறக்கவில்லை.
தோள் வலித்தது.