கால் மாத்திரை

கப்பலூர் சுங்கச்சாவடியில்
நான்காம் வழி என்னுடையது.
ராத்திரி இரண்டு வழியை மூடிவிட்டால்
திருமங்கலம் பக்கம் லாரிகள் தேங்குகிற நீளத்தைக்
கண்ணாடிக் கூண்டிலிருந்து எண்ணியிருக்கிறேன்.
அதனால்தான்
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஈரலைப் பற்றிச் சொன்னபோது
சட்டென்று பிடிபட்டது.

ஒச்சப்பனுக்கு யாரோ பேசுவது கேட்டது.
இரண்டு வருஷம் கழித்து ஜெயக்கொடிக்கும் கேட்டது.
இரண்டு அண்ணன்மாருக்கும் ஒரே மாத்திரை,
காலை ஒன்று, ராத்திரி ஒன்று.
பெரியவன் பத்தாம் நாள் தானாகச் சவரம் செய்துகொண்டான்.
மாசம் முடிய ஷேர் ஆட்டோ எடுத்தான்
செக்கானூரணிக்கும் கருமாத்தூருக்கும்.
சின்னவனுக்கு மூன்றாம் நாள்
கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது.
நாக்கு பலகையானது.
உருட்டிய சோறு வாய்க்குப் போகும் வழியில்
கை மறந்து நின்றது.

"நடிக்கிறாண்டா" என்றார் பெரியப்பா.
"சாமிக்குச் செய்யாம விட்ட குறை" என்றது தெரு.
நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும்:
"அண்ணனுக்கு மருந்து கேக்குது,
ஒனக்கு மட்டும் என்ன கேடு?"

குரலும் கேட்கிறது, மருந்தும் கேட்கிறது.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
என்ன பாடு படுத்திவிட்டோம் அவனை.
ஆறு மாத மாத்திரையைத்
தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தான்.

பிறகு ரத்தம் எடுத்து
எங்கோ அனுப்பினார்கள்.
ஐந்து வாரம் கழித்து ஒரு தாள் வந்தது,
எழுத்தும் எண்ணும் நட்சத்திரக் குறியுமாக.
"இந்த மருந்தைக் கழிக்கிற வழி
இவருக்குப் பிறவியிலேயே மூடியிருக்கும்மா.
அடுத்தவருக்குச் சரியான அளவு
இவருக்குள்ள தேங்கிப்போகுது."
தேங்குவது என்றால் எனக்குத் தெரியும்.
அம்மா தாளை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தாள்.
"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றாள்.
ஈரலும், என்றேன்.

வெளியே வந்தவள் திரும்பப் போய்
அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.
குடியை மறக்க அவருக்கும் ஒரு மாத்திரை தந்தார்கள்.
அடுத்த வீட்டுச் சவரிமுத்துவை எழுப்பி உட்காரவைத்த
அதே மாத்திரை.
என் கண்ணெதிரே விழுங்குவார், சாயங்காலம் குடிப்பார்.
மனசு வைக்கலையே மனுஷன் என்று
பாடை கட்டும்போதும் சொன்னோம்.
"அவருக்குள்ள பூட்டு வேற மாதிரி இருந்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
அதை இன்னும் உறுதியாச் சொல்ல முடியலம்மா."

அந்த 'லாம்' மீது சாய்ந்தபடி
பெரியார் நிலையம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கால் மாத்திரையில் ஆரம்பம்.
பழைய பேப்பரில் வைத்துப் பிளேடால் வெட்டுகிறேன்.
அரை சரியாக வருகிறது. கால் வரமாட்டேனென்கிறது,
ஒரு துண்டு பெரிது, ஒன்று பொடி.
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
எதிரே ஜெயக்கொடி.
கழுத்து நேராக இருக்கிறது.
விரல் நுனியால் பேப்பரைத் தொட்டுக் கேட்கிறான்,
ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக:
"அப்ப இந்தத் தூளு யாருக்கு?"