முதல் எதிர்மனுதாரர்

சாவியை நான் கையில் கொடுக்கவில்லை.
மூன்றாவது மாடியிலிருந்து தூக்கிப் போட்டேன்.
ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம்,
முகமெல்லாம் சோப்பு, ஒரு கண்தான் திறந்திருந்தது.
ஹவுசிங் போர்டு குழாயடியில் நின்று
டில்லிபாபு ஒற்றைக் கையில் பிடித்தான்.
எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.
பெட்ரோல் போட்டு வைடா என்று கத்தினேன்.
என் பக்கம் நடந்தது அவ்வளவுதான்.

மீதியெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையில்.
துறைமுக வாசலுக்குக் காத்து
கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் வரை நிற்க,
இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து
தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி
தலையை நீட்டியது.
பிரேக் அடித்தேன் என்கிறான் டில்லி.
கேன் ஒன்றுகூட உடையவில்லை.
கன்னியப்பனின் வலது கால்
முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில்.

அதே காரில்தான் ஸ்டான்லிக்குத் தூக்கிப் போனான்.
பத்து நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுத்தேன்.
பின்சீட்டில் கறை.
முள் நிறைவில் நின்றது.
பெட்ரோல் போட்டிருந்தான்.

குற்ற வழக்கு அவன் மேல்;
அபராதம் கட்டினான், முடிந்தது.
அப்புறம்தான் எனக்குச் சம்மன் வந்தது.
மனுதாரர்: கன்னியப்பன், தண்டையார்பேட்டை.
முதல் எதிர்மனுதாரர்: நான்,
அப்பா பெயரோடு, கதவு எண்ணோடு.
இரண்டாவது, இன்சூரன்ஸ் கம்பெனி.
டில்லியைத் தேடிப் பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
ஐந்தாம் பத்தியில்
"மேற்படி வாகனத்தின் ஓட்டுநர்" என்று ஒரு ஆள்.

ஓட்டினது யாருங்கிறது போலீஸ் கேள்வி,
வண்டி யாருதுங்கிறது இந்தக் கோர்ட்டு கேள்வி
என்றார் வக்கீல் வாசுகி.
லைசென்ஸ் எப்படி?
முந்தின தை மாதமே தேதி போயிருந்தது.
"அப்ப கம்பெனி அவருக்குக் கட்டிடும்.
கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணும்."
படி இறங்கும்போது குமாஸ்தா
பீடியை அணைத்துவிட்டுக் காதோரம் சொன்னார்:
கேக்காம எடுத்துட்டுப் பூட்டான்னு சொன்னா
வேற மாதிரி போவும் சார்.

கேட்காமல் எடுத்தான்.
பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.
கிரேன் கூண்டில், கீழே பெட்டிகள் தீப்பெட்டியாய்க் கிடக்க,
யாருக்கும் எட்டாத உயரத்தில் சத்தமாகச் சொன்னேன்.
நாக்கு ஒப்புக்கொண்டது.

பாரிமுனை. மூன்றாம் வாய்தா.
கம்பெனி வக்கீல் கேட்டார்:
கொடுக்கும் முன் லைசென்ஸை வாங்கிப் பார்த்தீரா?
காசிமேட்டுப் பாறையிலிருந்து
ஒன்றாகக் குதித்திருக்கிறோம்,
நீச்சல் தெரியுமா என்று அவனும் கேட்டதில்லை.
இதைச் சொல்லவில்லை.
இல்லை என்றேன்.
சரி, சாவி அவர் கைக்கு எப்படி வந்தது?
டைப் அடிக்கும் பெண் விரலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தாள்.
குமாஸ்தா என்னையே பார்த்தார்.

மேலேர்ந்து போட்டேன். புடிச்சான்.

நீதிபதி நிமிராமல்
"சாவியை நானே கொடுத்தேன்" என்று போடும்மா என்றார்.

வராண்டாவில் பெஞ்சின் முனையில் கன்னியப்பன்,
காலை நீட்டி, பக்கத்தில் கட்டை.
அவர் சம்சாரம் தேசம்மாள் கேட்டாள்:
நீதான் வண்டிக்காரனா?
ஆமாம் என்றேன்.
"அந்தப் புள்ள ரெண்டு ராத்திரி
வார்டு வாசல்லயே படுத்துக் கெடந்துச்சு.
நீ வரவேயில்லயே."

உள்ளே இதை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஷிஃப்டு இருந்தது என்று சொல்லியிருப்பேன்.
தேசம்மாளிடம் அதுவும் வாயில் வரவில்லை.

இப்போது கம்பெனிக்கு நான் தவணை கட்டுகிறேன்.
டில்லி மாதம் மூவாயிரம் போனில் அனுப்புகிறான்.
குறிப்பு எழுதும் இடத்தில்
"வண்டி" என்று மட்டும் போடுவான்.
போன மாதம் வரவில்லை.
குழாயடியில் பார்த்தேன்.
சாப்டியா என்றான்.
சாப்ட்டேன் என்றேன்.