எடைப் பேரேட்டின் பின்பக்கம்

மண்டபத்தில் நண்டுக் கம்பெனியில்
எடை எழுதுகிறேன். பதினோரு வருடம்.
தராசு பொய் சொல்லாது.
தட்டை வைக்கும் முன்
"இன்னும் கொஞ்சம் வடியட்டும்" என்கிற வாய் சொல்லும்.
அந்த வாய் என்னுடையது.

உழைத்தால் உயரலாம் என்று
சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதியவன்
ஒரு நண்டும் உடைத்திருக்க மாட்டான்.
ரெஜினாளம்மா உடைக்கிறாள்
காலை ஆறிலிருந்து, நின்றபடி.
அவளிடம் இதுவரை உயர்ந்திருப்பது
விரல் கணுக்கள் மட்டும்.

சதை எந்த ஊருக்குப் போகிறது என்று
டப்பாவில் அச்சடித்திருக்கிறது.
அங்கே அது என்ன விலைக்குப் போகிறதென்று
ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டேன்.
அன்று மதியம் சோறு இறங்கவில்லை
என்று எழுத ஆசைதான்.
இறங்கியது.
சூடைமீன் குழம்பு, இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன்.

எங்கள் தெருக் குழாயில்
எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
என் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது.
பதினான்கு தவணை பாக்கி.
உள்ளே அரிசி கொட்டி வைத்திருக்கிறோம், எலி ஏறாது.
எலிக்குப் பயந்து இருபத்தெட்டாயிரம் செலவழித்த
ஒரே குடும்பம் நாங்கள் என்று நினைக்காதீர்கள்.
எதிர்வீட்டு மெஷினில் உளுந்தும் இருக்கிறது.

விளம்பரக்காரனைத் திட்டமாட்டேன்.
ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போனவன் நான்.
கையெழுத்துப் போட்டவன் நான்.
வெள்ளையா சாம்பலா என்று
நானும் சகாயராணியும் கடைக்குள்
ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
யார் என்ன சொன்னாலும் சரி,
அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களே,
எங்களைக் கேட்காமல் எங்கள் காற்றைப் புகழாதீர்கள்.
தனுஷ்கோடிக்கு வழி கேட்கிறீர்கள்.
மண்டபத்தில் நின்றுகொண்டுதான் கேட்கிறீர்கள்.

மீன் குஞ்சு பொரிக்க அறுபத்தொரு நாள் தடை.
நல்ல சட்டம், சந்தேகமே இல்லை.
அந்த நாட்களில் வேலை பாதியாகிறவளிடம் போய்
நல்ல சட்டம் என்று சொல்லிப் பாருங்கள்.
நான் சொன்னேன்.
நண்டு ஓட்டால் எறிந்தாள்.

நேற்று ராத்திரி டிவியில்
கடல் எல்லையைப் பற்றி ஆறு பேர் கத்தினார்கள்.
ஆறு சட்டை, ஒன்றிலும் உப்புப் பூக்கவில்லை.
இன்று டீக்கடையில் என் பங்கைச் சொன்னேன்:
அந்தக் கரையிலும் சிறுவலைக்காரன் இருக்கிறான்,
அவன் வலையை நம் விசைப்படகு இழுத்துக்கொண்டு போனால்
அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா?
அந்தோணிப்பிச்சை பாதி டீயோடு
கிளாசை வைத்துவிட்டு எழுந்து போனான்.
அவன் தம்பி அங்கே சிறையில்.
ஐந்தாவது மாதம்.

நான் சொன்னது சரி.
நான் சொன்னது அவன் முகத்துக்கு நேரே.
இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க
எனக்குத் தெரியவில்லை.
டீக்குக் காசு நான் கொடுத்தேன், அவனுக்கும் சேர்த்து.
அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
பன்னிரண்டு ரூபாய்.

சாயந்தரம் ரெஜினாளம்மா தட்டைக் கொண்டுவந்தாள்.
"வடிஞ்சிருச்சு" என்றாள்.
வடியவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.
மூன்று கிலோ எழுநூற்று இருபது,
அப்படியே எழுதினேன்.
வீரமெல்லாம் இல்லை.
சூப்பர்வைசர் கென்னடி
வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான்.
நாளைக்கு அவன் பக்கத்தில் நின்றால்
இன்னும் கொஞ்சம் வடியட்டும் என்பேன்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது.
கொடியில் துணி கிடக்கிறது,
கையால் துவைத்தது.