எழுபது கிராம்

பழையபேட்டையில்
முனிரத்தினத்தின் பேட்டரிக் கடைக்கு மேலே
ஒற்றை ஜன்னல் அறை.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மூன்று மணி.
கீழே சார்ஜ் ஏறும் பேட்டரிகள் முனகிக்கொண்டிருக்கும்.
நாங்கள் ஐந்து பேர்.
பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை என்பதால்
தெருவில் யாரும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை.

ஓசூர்க் கம்பெனிக்கு உதிரிபாகம் வாங்கச்
சீனா போன ஜெயசீலன்
துண்டில் சுருட்டி எடுத்து வந்திருந்தான்,
வறட்டி மாதிரி ஒரு வட்டு.
பு-அர் தேயிலை.
மேல்தாளில் மங்கிய சிவப்பு முத்திரை,
எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத
ஏதோ ஒரு மலையின் பெயர்.
"இருபது வருஷம்" என்றான்
குரலைத் தாழ்த்தி,
தூங்கும் குழந்தையைக் காட்டுகிறவன் போல.

பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
ஐந்தாகப் பிரித்தால்
திம்மராயனுக்கு ஒரு வாரத்து ரோஜா,
எனக்குச் சீட்டில் ஒரு தவணை.

ஊசியால் ஓரத்தை நெம்பினான். ஏழு கிராம்.
முதல் ஊற்றைக் கழுவிக் கொட்டினோம்.
இரண்டாவதை
பத்து எண்ணும் வரை வைத்திருந்தோம்.

"மழையில் நனைஞ்ச அட்டைப்பெட்டி"
என்றாள் ஷம்ஷாத், பாராட்டாகத்தான்.
மாம்பழக்கூழ் ஆலையில் இனிப்பை எண்ணால் அளப்பவள்;
எண் இல்லாத இடம் என்பதற்காகவே இங்கே வருகிறாள்.
"கற்பூரம்" என்றான் திம்மராயன்,
"இல்ல, கற்பூரம் தீர்ந்துபோன டப்பா."
முனிரத்தினம் வார்த்தை தேடாமல்
கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினாறு வருஷமாகப் புளி மண்டியில் தரம் பிரிக்கிறேன்.
புதுப்புளியை ஈரச்சாக்கில் மூடிக் கறுக்கவிட்டுப்
பழம்புளி என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு.
கண்ணுக்குக் கிழம்தான்.
நாக்கின் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைப் பயல்
நின்றுகொண்டு கல்லெறிவான்.
இங்கேயும் நின்றான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
மூன்றாவது ஊற்று முடியும் வரை
சொல்லாமல்தான் இருந்தேன்.

"ஏழு வருஷம். ஈரத்துல போட்டு வயசு ஏத்தியிருக்காங்க."

கீழே யாரோ டிஸ்டில்ட் வாட்டர் கேட்டார்கள்.
முனிரத்தினம் எழுந்து போகவில்லை.
ஜெயசீலன் பையைத் துழாவி ரசீதை எடுத்தான்.
பத்தொன்பதாயிரம்.
எங்களுக்கு ஐந்நூறு குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.
மேசையில் வைத்த ரசீது
நீவ நீவச் சுருண்டது.

திம்மராயன் விரல்விட்டு எண்ணினான்.
"இன்னும் பதிமூணு வருஷம் வெச்சா இருபது ஆயிடுமில்ல?"
"அதுக்குள்ள என் கடைக் கடனே முடிஞ்சிடும்" என்றான் முனிரத்தினம்.
ஷம்ஷாத் சிரித்த சிரிப்பில் கிண்ணம் தளும்பியது.

சரி, எங்கே வைப்பது?
காற்று வேண்டும், வாசம் ஆகாது.
பக்கத்தில் எது இருந்தாலும் குடித்துவிடும் இந்த இலை.
என் வீட்டில் புளி, சேலை மடிப்பிலும்.
முனிரத்தினத்திடம் ஆசிட்.
ஷம்ஷாதிடம் தோத்தாபுரி, சீசன் முடிந்தும் போகாது.
திம்மராயனின் பசுமைக்குடிலில் மருந்து நெடி.
ஜெயசீலன் வீட்டில் பிறந்து நாற்பது நாளான பிள்ளை,
காலையும் மாலையும் சாம்பிராணி.
வாசமில்லாத வீடு
ஐந்து பேரில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

அதனால் உடைத்தோம்.
குடித்தது போக முந்நூற்றைம்பது,
ஆளுக்கு எழுபது.
நகைத் தராசு என் பங்கை
அறுபத்தெட்டு என்று காட்டியது, நான் கவனிக்காத மாதிரி மடித்தேன்.
தாளில் இன்றைய தேதி எழுதினாள் ஷம்ஷாத்,
அவரவர் பெயரும்.
ஐந்து வீட்டில் ஐந்து விதமாகக் கிழடாகட்டும்.

பணத்தை எண்ணி வைத்தோம்.
ஜெயசீலன் வேண்டாம் என்றான், இரண்டு தடவை.
மூன்றாம் தடவை சொல்வதற்குள் கரண்ட் போனது.
கீழே இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒன்றாய்க் கத்தின.
எல்லோரும் மாடிப்படி இறங்கினார்கள்,
வெளிச்சம் விற்கிற கடையில் டார்ச் தேடிக்கொண்டு.

கெட்டிலில் ஆறாவது ஊற்று மறந்து கிடந்தது,
ஆறிப்போய்.
இருட்டில் ஊற்றிக் குடித்தேன்.

பச்சைப் பயலைக் காணோம்.
தொண்டைக்கும் கீழே, தாமதமாக,
ஏதோ ஒரு இனிப்பு.

கீழே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
இதை அவர்களிடம்
நான் இன்னும் சொல்லவில்லை.